ஒரே நிலவு, இரண்டு கலண்டர்

வெள்ளவத்தையில் புதிதாகக் கைத்தொலைபேசி உதிரிப்பாகக் கடை ஆரம்பித்திருக்கும் இளைஞர் ஒருவர் சில நாட்களுக்கு முன் என் கடைக்கு வந்தார். எமக்குத் தூரத்து உறவு. தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "நானா, நோன்புப் பெருநாளைக்குக் கடையைப் பூட்டத்தானே வேணும். கவர்மென்ட் லீவுதானே. என்னிட்ட நிக்கிற மூணு பேரில ரெண்டு பேர் சிங்களப் பொடியன்மார். அவங்களுக்கும் சம்பளத்தோட லீவு குடுக்கணுமா?"

"பெருநாள் கவர்மென்ட் லீவுதான். ஆனால் கடைக்கு லீவு இல்லை, தம்பி" என்றேன். அவர் நம்பவில்லை. காசு மேசைக்குப் பின்னால் தொங்கிய கலண்டரைக் கழற்றி முன்னால் வைத்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொள்ளுப்பிட்டியில் துணி வியாபாரம் செய்யும் எனக்கே இந்தப் பட்டியலை ஒழுங்காக வாசிக்கப் பல வருடங்கள் பிடித்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எமது நாட்டில் வருடத்துக்கு இருபத்தைந்து நாள் அளவில் விடுமுறை வருகிறது. உலகிலேயே அதிக விடுமுறை உள்ள நாடுகளில் ஒன்று என்று வெளிநாட்டு வியாபாரிகள் எம்மைக் கேலி செய்வதுண்டு. ஆனால் கலண்டரில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே சிவப்பு அல்ல. திகதிக்குப் பக்கத்தில் சிறிய அடையாளங்கள் போட்டிருப்பார்கள். ஒன்று பொது விடுமுறை. அது அரச அலுவலகங்களுக்கு. இன்னொன்று வங்கி விடுமுறை. மூன்றாவது வர்த்தக விடுமுறை. எமது கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் உரித்தானது இந்த மூன்றாவதுதான்.

வர்த்தக விடுமுறை எட்டே எட்டு நாள். தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு தினம், மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். போயா தினங்கள் தனிக் கணக்கு. இந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். நோன்புப் பெருநாள் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை. தீபாவளி இல்லை, மகா சிவராத்திரி இல்லை, பெரிய வெள்ளியும் இல்லை. இவையெல்லாம் பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும் மட்டுமே. மீலாத் தினத்துக்குக் கடைச் சிப்பந்திக்குச் சட்டப்படி விடுமுறை உண்டு. ஆனால் பெருநாள் தொழுகைக்குப் போக அவர் தன் சொந்த லீவில் ஒரு நாளை எடுக்க வேண்டும். எமது முதலாளிமார் பலருக்கே இது தெரியாது. ஏனெனில் அவர்கள் பெருநாளன்று எப்படியும் கடையைப் பூட்டி விடுகிறார்கள். பிறரிடம் வேலை செய்யும் எமது பிள்ளைகளுக்குத்தான் இது தெரியும்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பெருநாளன்று பூட்டுவது உங்கள் முடிவு. வேலைக்கு வரத் தயாராக இருக்கும் பொடியன்மாரை நீங்களே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய சம்பளத்தில் கை வைப்பது நியாயமல்ல.

இனி போயாவுக்கு வருவோம். அங்கேதான் நான் அடி வாங்கினேன்.

ஒரு காலத்தில் வெசாக்குக்கே விடுமுறை இருக்கவில்லை. 1883இல் பெரிய வியாழனை அடுத்து வந்த உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்றின் மீது தாக்குதல் நடந்து, அது பெரிய கலவரமாயிற்று. நியாயம் கேட்டு கேணல் ஒல்கொட் 1884இல் லண்டன் வரை போனார். மறு வருடம், 1885இல், வெசாக் போயா பொது விடுமுறையாகியது. ஆக, நாம் இன்று அனுபவிக்கும் வெசாக் விடுமுறைக்குக் கொட்டாஞ்சேனைத் தெருக்களோடு ஒரு சம்பந்தம் உண்டு.

எல்லாப் போயாவும் விடுமுறையானது பிற்பட்ட கதை. 1966இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையே எடுத்துவிட்டு, நிலவின் நான்கு கால்களுக்கும் வரும் போயாவையும் அதற்கு முந்திய நாளையும் வார இறுதியாக்கினார்கள். ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள். வெளிநாட்டில் சந்தை திறந்திருக்கும் போது கொழும்பில் வங்கி பூட்டு. இங்கே வேலை நாளாக இருக்கும் போது அங்கே ஞாயிறு. அந்தக் காலத்தில் புறக்கோட்டையில் இறக்குமதித் துணி வியாபாரம் செய்த என் வாப்பா, "தந்தி அடிக்கிற நாளையும் பிறை பார்த்துத்தான் முடிவெடுத்தோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 1971இல் அதைக் கைவிட்டு, அந்த வருடத்து 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின் மூலம் ஞாயிறு திரும்ப வந்தது. முழு நிலவுப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. இன்று வரை அதுதான் நடைமுறை.

போயாவன்று மதுக்கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும், மாடு அறுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டலில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் என் கடைக்குள் வந்து, இன்று ஏன் எங்கேயும் பியர் இல்லை என்று கேட்பார்கள். துணிக்கடைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்! ஆனால் முதலாளிமாருக்குத் தெரிய வேண்டியது வேறு. போயாவன்று ஊழியரை வேலைக்கு எடுத்தால் அன்றைய கூலியில் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வர்த்தக விடுமுறையன்று எடுத்தால், அந்த வருடம் டிசம்பர் 31க்குள் பதில் விடுமுறை ஒன்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரட்டைக் கூலி. வெசாக் போயாவும் அதன் மறுநாளும் பக்கத்துப் பக்கத்து நாட்கள். முதல் நாளுக்கு ஒரு விதி, அடுத்த நாளுக்கு இன்னொரு விதி. சம்பள சபைகளின் கீழ் வரும் தொழில்களுக்கு விதிகள் சற்று வேறுபடும், அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வெசாக் போயாவன்று கடையைப் பூட்டிவிட்டு, உள்ளே சரக்கு எண்ணும் வேலை வைத்தேன். வாடிக்கையாளர் இல்லாத நாள், நல்ல வசதி என்று நினைத்தேன். காலிப் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் பதினைந்து வருடம் வேலை செய்த ஒருவர் அன்று முழுவதும் நின்று எண்ணினார். மாத முடிவில் சாதாரண சம்பளத்தைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெசாக்குக்கு ஒரு வாரம் முன் வந்து, "முதலாளி, போன வருஷம் பிள்ளைகளோட பந்தல் பார்க்கப் போக முடியல்ல. இந்த முறை நான் வரமாட்டேன்" என்றார். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு ஒன்றரை மடங்குக் கதையை அறிந்துகொண்டேன். பழைய கணக்கைப் பார்த்துக் காசைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் நான் கெடுத்தது பிள்ளைகளோடு போகும் அந்த வெசாக் இரவை. அதற்கு ஒன்றரை மடங்கு என்று ஒரு கணக்கு இல்லை. அன்றிலிருந்து வெசாக்குக்கு நான் சரக்கு எண்ணுவதில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இது நான் வருடக்கணக்காகக் கலண்டரைப் புரட்டிக் கண்டுகொண்ட விடயம்.

பௌத்தர்களின் போயாவும் நிலவுக் கணக்கு, எமது ஹிஜ்ரி மாதமும் நிலவுக் கணக்கு. நாம் தலைப்பிறையில் மாதத்தைத் தொடங்குகிறோம், அவர்கள் முழு நிலவைக் கொண்டாடுகிறார்கள். ஆகவே எந்த வருடத்தை எடுத்தாலும், எமது மாதத்தின் பன்னிரண்டாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடையில் ஒரு போயா வரும். தப்பாது. மீலாத் பிறை பன்னிரண்டு. எனவே மீலாத் விடுமுறையும் ஒரு போயாவும் எப்போதும் ஒட்டி ஒட்டியே வரும். 2024இல் மீலாத் செப்டெம்பர் 16, திங்கள். பினர போயா 17, செவ்வாய். 2025இல் மீலாத் 5ஆம் திகதி வெள்ளி; போயா 7ஆம் திகதி ஞாயிறு. அந்த வாரத்தில் பட்டுவாடாவோ பெரிய கொள்முதலோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பத்து. குர்பான் கொடுக்கும் நாட்கள் முடிந்த கையோடு போயா நிற்கும். 2024இல் ஜூன் 17 பெருநாள், 21 பொசன் போயா. குர்பான் மாட்டைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைக்கும் எம்மவர்கள் கலண்டரைப் பார்க்காமல் ஒதுக்கக் கூடாது. சில வருடங்களில் கடைசி நாளும் போயாவும் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

ரமழானிலும் அப்படியே. மாத நடுவில் ஒரு போயா கட்டாயம் வரும். என் கடையில் கடைசிப் பத்து நாளில்தான் உண்மையான வியாபாரம். அதற்கு முன் ஊழியர் இளைப்பாற இறைவன் தந்த நாள் என்று நான் அந்தப் போயாவை எடுத்துக்கொள்கிறேன். அன்று எல்லோருக்கும் ஓய்வு. அதற்குப் பிறகு இரவு பதினொரு மணி வரை நிற்கச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் நிற்பார்கள்.

ஒரே நிலவுதான் என்றாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை 'அதி' என்று ஒரு மாதத்தைக் கூட்டிச் சூரியக் கணக்கோடு சரி செய்கிறார்கள். அதனால்தான் சில வருடம் பன்னிரண்டு போயா, சில வருடம் பதின்மூன்று. வெசாக் மே மாதத்தை ஒட்டியே நிற்கும். எமது கலண்டரில் அப்படிக் கூட்டுவதில்லை. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். ஆகவே எமது சீசன் மற்றவர்களின் சீசனோடு மோதுவதும் விலகுவதுமாக இருக்கும்.

நான் இருபது வயதில் வாப்பாவின் கடையில் நின்ற காலம், 1991, 92. நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரலில் ஒன்றாக வந்தன. 2000 டிசம்பரில் நத்தார் முடிந்து ஓரிரு நாளில் பெருநாள் வந்தது. பிறகு 2023, 24இல் மறுபடியும் ஏப்ரல். முதல் சுற்றைப் பார்த்தவன் என்பதால் இரண்டாம் சுற்றில் எனக்குச் சில விடயங்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தன.

முதலாவது, நிறம். சிங்களப் புத்தாண்டுக்குச் சுபநேரப் பத்திரம் வெளிவரும். 'நெக்கத் சீட்டுவ' என்பார்கள். அடுப்பு மூட்டும் போது இந்த நிறம், எண்ணெய் தேய்க்கும் போது இந்த நிறம் என்று அதில் இருக்கும். தமிழர்களின் பஞ்சாங்கத்திலும் மருத்துநீர் வைத்துக் குளித்து உடுத்த வேண்டிய நிறம் சொல்லியிருக்கும். இதைப் படிக்காமல் ஏப்ரலுக்குச் சரக்கு எடுக்கும் துணி வியாபாரி கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறவர். நான் இரண்டையும் வாங்கிப் படிக்கிறேன். பள்ளிவாசலில் ஒரு நண்பர் இதைக் கண்டு, "ஹாஜியார் இப்ப சாத்திரம் பார்க்கிறாரா?" என்று கேட்டார். சாத்திரம் பார்க்கவில்லை, சாத்திரம் பார்ப்பவர் என்ன நிறம் கேட்பார் என்று பார்க்கிறேன். வெள்ளைத் துணி இன்னொரு கதை. வெசாக், பொசனுக்கு முன் சில் அனுஷ்டிப்பவர்களுக்கு வெள்ளை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு இஹ்ராம் வெள்ளை. 2024 மே, ஜூனில் ஒரே தட்டில் இரண்டும் விற்றன.

இரண்டாவது, ஊர் காலியாவது. புத்தாண்டு என்றால் கலண்டரில் இரண்டு நாள். வியாபாரத்தில் பத்து நாள். ஊழியர்கள் ஊருக்குப் போனால் ஏழெட்டு நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். வெளியூர்க் கடைகளும் அப்படியே. 2023இல் 13 வியாழன், 14 வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு. 17ஆம் திகதிதான் வங்கி திறந்தது. வெளியூர் வாடிக்கையாளர்கள் புத்தாண்டுக்கு முன் தந்துவிடுவோம் என்ற காசை நம்பி, சரக்குத் தந்தவருக்கு நான் 17ஆம் திகதியிட்டுக் காசோலை கொடுத்திருந்தேன். ஒருவரும் தரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் பின்னணியில் ரபான் சத்தம்! 22ஆம் திகதி பெருநாள், கடைசிப் பத்தின் வியாபாரம் உச்சத்தில். இந்தப் பக்கம் காசோலை திரும்பும் நிலை. பக்கத்து நகைக்கடைக்காரர் கைமாற்றுத் தந்ததால் மானம் தப்பியது. இப்போது இணையவழியில் விடுமுறை நாளிலும் காசு அனுப்பலாம், உண்மைதான். ஆனால் அனுப்புகிறவர் அனுப்ப வேண்டுமே. எமது மொத்த வியாபாரத்தில் பின்திகதியிட்ட காசோலைதான் இன்னும் ராஜா. ஏப்ரல் 10க்கும் 20க்கும் இடையில் திகதியிட்டு எந்தக் காசோலையும் எழுதுவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

ஒரு சின்ன விடயம்: வங்கி பூட்டியிருக்கும் புத்தாண்டு நாட்களில் கூட, சுபநேரத்தில் முதல் கொடுக்கல் வாங்கல் செய்வதற்காகச் சில கிளைகள் சற்று நேரம் திறப்பார்கள். 'கனு தெனு' என்பது. தமிழர்கள் கைவிசேடம் என்பார்கள். என்னிடம் பல வருடம் சாரி வாங்கும் சிங்களப் பெண்மணி ஒருவர் கடை திறக்கும் முதல் நாள் வெற்றிலையில் காசு வைத்துக் கொடுத்து ஒரு கைக்குட்டையாவது வாங்கிப் போவார். நான் கழிவு போட முயன்றால் கோபிப்பார். அது விலை பேசும் கொள்வனவு அல்ல.

மூன்றாவது, பலகாரச் சாமான். வட்டிலப்பத்துக்குக் கித்துல் கருப்பட்டி வேண்டும், கவுமுக்குப் பாணி வேண்டும், இரண்டு வீட்டிலும் முட்டை வேண்டும், தேங்காய் வேண்டும். இரு பண்டிகையும் ஒரே மாதத்தில் வந்தால் விலை எங்கே போகும் என்று பலசரக்கு வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாலாவது, தலைப்பிறை இரவு. பெருநாள் விடுமுறை பல மாதங்களுக்கு முன்பே வர்த்தமானியில் வந்துவிடும். பெருநாளோ, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடி, ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து அறிவித்த பின்தான். 29ஆம் நோன்பு மஃரிபுக்குப் பின் பிறை கண்டால் அன்றிரவே கடைசி வியாபாரம். காணாவிட்டால் இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும் கையில். துணிக்கடைக்கு இந்த ஒரு நாள் சின்ன விடயமல்ல. பிறை தெரியாத வருடம் மீதிச் சரக்கு தீர்ந்துவிடும். தெரிந்த வருடம் பிள்ளைகளின் உடுப்பு மூட்டையாகத் திரும்பும். ஆகவே 29ஐக் கடைசி நாளாக வைத்தே சரக்கு எடுக்க வேண்டும். முப்பதாவது நாள் வந்தால் அது பறக்கத்.

இதையெல்லாம் சரியாகக் கணக்குப் போட்டாலும் கவிழ்ந்த வருடங்கள் உண்டு. 2018இல் வெசாக் ஏப்ரல் 29, 30இல் வந்ததால் அரசாங்கம் மே தின விடுமுறையை மே 7க்கு மாற்றியது. அச்சடித்த கலண்டர்கள் எல்லாம் பிழையாயின. அது வேடிக்கை. 2019 வேடிக்கையல்ல. ஏப்ரல் 21 குண்டு வெடிப்புகள். மே 7 முதல் நோன்பு. ஒரு வாரத்தில் வடமேல் மாகாணத்தில் எமது கடைகள் எரிந்தன. 18ஆம் திகதி வெசாக். வழக்கமான பந்தல்களும் தன்சல்களும் குறைந்து, கொழும்பு இருண்டு கிடந்தது. அந்தப் பெருநாளுக்கு எடுத்த சரக்கின் பெரும்பகுதி என் கடையில் அடுத்த வருடம் வரை இருந்தது. அடுத்த வருடமோ மார்ச் 20 முதல் ஊரடங்கு. புத்தாண்டும் இல்லை, பெருநாளும் இல்லை. 2022 ஏப்ரலில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐத் தாண்டியிருந்தது, மின்சாரம் மணிக்கணக்கில் இல்லை. என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் நோன்பு திறந்தார்கள், அங்கேயே புத்தாண்டும் கொண்டாடினார்கள். ஒரு மாலை நானும் பேரீச்சம்பழப் பெட்டியோடு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பிக்கு.

என் காலிக்கார ஊழியரை மேலே சொன்னேன் அல்லவா. 2019 மேயில் பல முஸ்லிம் கடைகளுக்குச் சிங்கள ஊழியர்கள் வரப் பயந்தார்கள்; வீட்டில் தடுத்தார்கள். அவர் ஒரு நாளும் தவறவில்லை. வெசாக் போயாவுக்கு மட்டும் வரவில்லை. நான்தான் வரவேண்டாம் என்றிருந்தேன்.

இனி வரும் சுற்று. பெருநாள் இப்போது ஏப்ரலை விட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. 2030இல் ரமழான் இரண்டு முறை தொடங்கும்: ஜனவரியில் ஒன்று, டிசம்பர் இறுதியில் இன்னொன்று. 2032 ஜனவரி நடுப்பகுதியில் நோன்புப் பெருநாள் தைப்பொங்கலோடு ஒட்டி வரும். பாடசாலைச் சீருடை வாங்கும் காலமும் அதுதான், பெற்றோரின் பையில் எவ்வளவு மிஞ்சும் என்று இப்போதே யோசிக்கலாம். 2033 டிசம்பரில், பிறை கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்து, நத்தாருக்கு ஓரிரு நாள் முன் பெருநாள். அந்த டிசம்பருக்கு இரட்டைச் சரக்கு எடுக்க முதல் சேர்க்க வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தைத் தம்பி கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பெருநாளன்று கடையைப் பூட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். இரண்டு சிங்களப் பொடியன்மாரும் பெருநாள் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். பதிலுக்குப் புத்தாண்டு வாரத்தில் அவர்கள் ஊருக்குப் போகும் போது இவரும் மற்றப் பையனும் கடையில் நிற்பார்கள். பண்டிகை முற்பணம் மட்டும் அவரவர் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன் கொடுக்கும்படி சொன்னேன். பெருநாளன்று பகல் சாப்பாடு யார் அனுப்புவது என்று கேட்டார். அதை அவருடைய உம்மாவிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.